கல்லூரியின் முதல் மணி நேரம்

கல்லூரியில் சேரும் மாணவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி மாணவருக்கு ஒரு படிவம், பெற்றோருக்கு ஒரு படிவம். விதிகளின் நகல் கிடைத்தது, அதைக் கவனமாகப் படித்தேன், முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்பது அவற்றின் சாரம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நூறுநாள் வேலைக்குப் போகாமல் மகளோடு பஸ் ஏறி வந்திருக்கும் அம்மா, அலுவலக உதவியாளர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் தன் பெயரை எழுதுகிறார். மகளும் எழுதுகிறாள். இருவரும் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் புரிந்திருக்காது. தன்னைக் காப்பதற்காக ஒரு சட்டம் வந்திருக்கிறது என்ற செய்தியே அந்த மகளைப் போய்ச் சேராமல், அவளுடைய சேர்க்கைக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

புரிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புரியாமல் உட்காருவது கல்லூரி வாழ்க்கையில் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் நாள் வகுப்பிலும் இதுவே வேறு வடிவத்தில் நடக்கிறது.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் முதல் நாளைப் பற்றியது. தனியார் பொறியியல் கல்லூரிகளின் முதல் நாளில் வாழைமரம், குத்துவிளக்கு, பெற்றோருக்கு மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. அதைப் பற்றி அவர்களுடைய விளம்பரங்களே நிறையச் சொல்லிவிடும். அரசுக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள். இவர்களை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கத் தமிழ்நாடு நூறாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறது. வாசலைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்து, முதல் மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை என்பது என் வாதம்.

வாசலைத் திறந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது கல்லூரி என்பது ஆங்கிலம் தெரிந்த, மேல்சாதி ஆண்பிள்ளைகளுக்கான இடம். அதற்குள் பெண் ஒருத்தி நுழைவது எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1904இல் முத்துலட்சுமி அங்கிருந்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம்; அவருடைய தாயாரின் குலம் இன்னொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டுச் சேர்க்கச் சொன்னார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்று, சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இவர்தான். ஓர் அரசர் ஆணையிட்டால்தான் ஒரு பெண்ணுக்கு முதல் நாள் வகுப்பு என்ற நிலை.

1914இல் சென்னைக் கடற்கரையில் கேப்பர் ஹவுஸ் என்ற கட்டடத்தில் அரசு மகளிர் கல்லூரி திறந்தது. பின்னர் ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் பெற்ற அதன் முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, குழந்தை மணத்தில் கணவரை இழந்தவர். தன்னைப் போன்ற சிறுமியருக்காக நடத்திவந்த இல்லத்தை ஐஸ் ஹவுஸுக்கு மாற்றினார். அந்த இல்லத்துப் பெண்களில் சிலர் கடற்கரைச் சாலையிலேயே நடந்து போய் ராணி மேரிக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தார்கள். வீட்டுக் கூடத்துக்கே வரக்கூடாது என்று ஊர் சொன்ன பெண்கள் அவர்கள். அந்த நடையை யாராவது விரிவாக எழுதியிருக்கலாம்.

சாதிக் கதவு இன்னும் கனமானது. நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கிய வகுப்புவாரி உரிமை ஆணைகள் வேலையிலிருந்து கல்லூரி இடங்களுக்கும் விரிந்தன. அரசியல் சட்டம் வந்ததும் அவை நீதிமன்றத்துக்குப் போயின. 1951இல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராசன் வழக்கில் ஆணையைச் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் வேடிக்கை. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது; 15(4) என்ற உட்பிரிவு பிறந்தது. இந்திய அரசியல் சட்டத்தை முதன்முதலில் திருத்த வைத்த காரணங்களில் ஒன்று, சென்னை மாகாணக் கல்லூரிகளின் முதல் நாள் வகுப்பில் யார் உட்காரலாம் என்ற சண்டைதான்.

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. ஊர்தோறும் பள்ளி, மதிய உணவு, மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரி, பஸ் பாஸ், கல்விக் கட்டண விலக்கு. நுழைவுத் தேர்வை ஒழித்த சட்டம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை. 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. விளைவு கண்முன் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வட மாநிலத்து நண்பர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்கிறார்கள்.

இனி வகுப்பறைக்குள் போவோம். ஜூலை மாதம். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி, பி.காம். முதலாண்டு. கலைக் கல்லூரிகளில் இன்று அதிகம் பேர் முட்டி மோதும் படிப்பு அதுதான். காலைச் சுழற்சிக்கு இடம் கிடைத்தவர்கள் மதியத்துக்குமேல் ஜவுளிக்கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாலைச் சுழற்சி கிடைத்த பெண்களின் கவலை கடைசிப் பேருந்து. முதல் மணி நேரத்தின் பெரும்பகுதி பெயர் சரிபார்ப்பிலும் படிவங்களிலும் போகிறது. பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், கல்லூரியில் உருவாக்க வேண்டிய யூமிஸ் எண், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. இவை சரியாக இருந்தால்தான் 1,000 ரூபாய் வரும்.

பிறகு ஆசிரியர் சொல்கிறார்: ஒவ்வொருத்தராக எழுந்து செல்ஃப் இண்ட்ரொடக்ஷன் சொல்லுங்கள், இங்கிலீஷில்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அறிவிக்கப்படாத முதல் தேர்வு இது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. பெயர், ஊர், படித்த பள்ளி, மதிப்பெண், அப்பா என்ன செய்கிறார். முன் பெஞ்சில் இருக்கும் மெட்ரிக் பள்ளி மாணவி சரளமாகச் சொல்லி உட்காருகிறாள். அடுத்தவன் "மை நேம் இஸ்" என்று தொடங்கி ஊர்ப் பெயரோடு நின்றுபோகிறான். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் பலர் தடுமாறுவது ஆங்கிலத்தால் மட்டும் அல்ல. கூலி வேலை என்பதை அறுபது பேர் முன்னால் புது மொழியில் சொல்ல வேண்டும். அப்பா இல்லாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. தயக்கத்தைப் போக்குவதற்காகவே இதைச் செய்கிறார். பத்து நிமிடத்துக்குள் யார் முன் பெஞ்சு, யார் பின் பெஞ்சு என்று வகுப்பு தானாகப் பிரிந்துவிடுகிறது. மூன்றாண்டுக்கும் பெரும்பாலும் அந்தப் பிரிவே நிற்கிறது.

சில இடங்களில் இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள் என்பார்கள். முதல் நாளே சாதி வெளியே வந்துவிடும். கல்வி நிலையங்களில் சாதி மோதல்களைத் தடுப்பது குறித்து ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசுக்குத் தந்த அறிக்கையில் இந்த வழக்கத்தைத் தொட்டிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அறிக்கையின் மற்ற பரிந்துரைகள் பற்றி அரசியல் மேடைகளில் பெரும் சத்தம் எழுந்தது. இந்தச் சின்னப் பரிந்துரையை யாரும் கவனிக்கவில்லை. நாளைக் காலையே, ஒரு ரூபாய் செலவில்லாமல், நடைமுறைப்படுத்தக்கூடியது இது.

அறிமுகம் முடிந்து பாடம். நிதிக் கணக்கியல். கரும்பலகையில் ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், டிப்ரிஸியேஷன் என்று ஆங்கில எழுத்தில் வரிசையாக விழுகின்றன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த மாணவனுக்கு இவை எதுவும் புதிதில்லை. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என்று இரண்டு ஆண்டு படித்து, கணக்குப் போட்டு, அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். அவனுக்குத் தெரிந்த பாடத்தைத்தான் ஆசிரியர் நடத்துகிறார். தெரியாத பாடம் என்று நினைத்து அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து இயற்பியல் வகுப்பில் திசைவேகமும் முடுக்கமும் உந்தமும் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே கதி. ஒரே ஒரு தாள், இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் வேறு மாதிரி போயிருக்கும். பெரும்பாலான துறைகளில் அந்தத் தாள் இல்லை.

மேடையில் நிற்கும் ஆசிரியரையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதியக்காரர். அவரும் தமிழ்வழியில் படித்து, இதே போன்ற முதல் நாளைக் கடந்து, முனைவர் பட்டம்வரை வந்தவராக இருப்பார். அவர் தமிழிலேயே விளக்கக்கூடியவர்தான். இரண்டாவது வாரத்திலிருந்து அப்படித்தான் விளக்கப்போகிறார். புத்தகம் ஆங்கிலம், பேச்சு தமிழ், கரும்பலகை ஆங்கிலம், பரீட்சைத் தாள் பாதிப் பாதி என்பதுதான் நம் கல்லூரிகளின் உண்மையான பயிற்றுமொழி. எந்த அரசாணையும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் முதல் நாள் மட்டும் ஆங்கிலத்தில் தொடங்குவது கௌரவம் என்று ஓர் எண்ணம். எந்த நாளில் தமிழ் மிகவும் தேவையோ அந்த நாளில் அது இல்லை.

இந்தப் புரியாமையில் மாணவரும் ஆசிரியரும் கூட்டாளிகள் என்று காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பியர் பூர்தியூவும் ழான்-குளோத் பஸ்ஸரோனும் 1964இல் 'வாரிசுகள்' என்ற நூலை எழுதினார்கள். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் பேச்சும் பாவனையும் வீட்டிலேயே சொத்தாகக் கிடைத்துவிடுகின்றன, மற்றவர்கள் அதைத் திறமை என்று நினைத்து ஏமாறுகிறார்கள் என்பது அதன் மையம். மறு ஆண்டு மோனிக் த சேன் மார்த்தனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களிடம் பேராசிரியர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சொற்களுக்குப் பொருள் கேட்டுப் பார்த்தார்கள். நிறையப் பேருக்குத் தெரியவில்லை. தாய்மொழியிலேயே இந்த நிலை. இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு: மாணவர் புரிந்ததுபோல் இருக்கிறார், பேராசிரியர் புரியவைத்ததுபோல் இருக்கிறார், இருவருக்கும் அது வசதியாக இருக்கிறது என்றார்கள். பாரிஸுக்கு எழுதியது பரமக்குடிக்கும் பொருந்துகிறது. இங்கே அதன் மேல் இன்னொரு மொழி வேறு.

நம் ஊரிலும் பழைய சான்றுகள் இருக்கின்றன. 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர். 1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் இடத்துக்குத் தமிழ் ஆசிரியராக உ.வே. சாமிநாதையர் வந்தார். வயது 25. மடத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவர். கல்லூரி என்ற இடத்தில் மாணவராகக்கூட உட்கார்ந்ததில்லை. ஆங்கிலம் கோலோச்சிய அந்தக் கட்டடத்தில், தன் வயதுக்கு நெருங்கிய வாலிபர்கள் முன் அவர் நின்றார். செய்யுளை இசையோடு படித்துப் பொருள் சொல்லும் திறம் அவரைக் காப்பாற்றியது. வகுப்பு அவர் பக்கம் வந்துவிட்டது. 'என் சரித்திர'த்தில் கல்லூரிக்கு வந்த இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: வகுப்பைத் தன் வசமாக்க அவர் ஆங்கிலக் கல்லூரியின் பாவனை எதையும் கடன் வாங்கவில்லை. தன்னிடம் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்.

அதே கல்லூரிக்கு 1904இல் உதவித்தொகையோடு வந்தார் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றதில் கவனமில்லை. ஆங்கிலப் பாடத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ஆங்கிலம் அவரை வீழ்த்தியது என்று மேடையில் சொல்வது வழக்கம், அது மிகை. டவுன் பள்ளியில் அவர் நன்றாகப் படித்த மாணவர், ஆங்கிலம் தெரியாதவர் அல்லர். மற்றப் பாடங்களை அவரே கைவிட்டார். ஆனால் ஒரு மாணவர் முதலாண்டிலேயே கைவிட்டுப் போகிறார் என்பதைக் கவனித்து உட்கார வைத்துப் பேச அன்றைய கல்லூரியில் ஏற்பாடு ஏதும் இல்லை என்பது உண்மை. இன்றைக்கு இருக்கிறதா என்று கேட்டால், காகிதத்தில் இருக்கிறது.

பயிற்றுமொழிப் பிரச்சினையை அரசுகள் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காமராசர் ஆட்சியில், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழ்வழியில் சோதனையாகத் தொடங்கியது. அறுபத்து நான்கு ஆண்டு கழித்துத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் அங்கேயே தொடங்கியது. பட்டப்படிப்புப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவர அரசு தனி நிறுவனமே வைத்தது. வேதியியல், விலங்கியல், பொருளியல், வரலாறு என்று நூற்றுக்கணக்கான நூல்கள் வந்தன. பழைய கல்லூரி நூலகங்களில் காலிகோ அட்டையோடு, தூசி தட்ட ஆளில்லாமல், இன்னும் இருக்கின்றன. ஆனாலும் திட்டம் வேரூன்றவில்லை. மேற்படிப்பும் வேலையும் ஆங்கிலத்தில் இருந்தன. வசதியுள்ளவர்கள் ஆங்கிலவழிப் பிரிவுக்குப் போனார்கள், தமிழ்வழிப் பிரிவு ஏழைகளின் பிரிவாயிற்று. பிறகு ஏழைகளும் அங்கே சேரத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு என்று 2010இல் வந்த சட்டமும், அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலிலும் இயந்திரவியலிலும் தொடங்கிய தமிழ்வழி வகுப்புகளும் அந்தத் தயக்கத்தை முழுதாக மாற்றவில்லை.

இதில் கவனிக்கப்படாத ஒரு திருப்பம் 1978. அதுவரை பள்ளி முடித்தவர்கள் ஓராண்டு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படித்துவிட்டுத்தான் பட்டப்படிப்புக்கு வர முடியும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும் அதிர்ச்சி அந்த ஓராண்டில் தீர்ந்தது. நிறையப் பேர் அங்கேயே தோற்றுப்போனார்கள் என்பது உண்மைதான், பி.யு.சி. பெயில் என்பது அந்தக் காலத்துக் கல்யாணப் பேச்சில் ஒரு தகுதியாகவே சொல்லப்பட்டது. ஆனால் தப்பித்தவர்கள் பட்டவகுப்பின் முதல் நாளில் ஓரளவு பழகியவர்களாக உட்கார்ந்தார்கள். மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு மாறியபோது, சின்னக் கிராமத்துப் பிள்ளைகளும் பன்னிரண்டுவரை பக்கத்திலேயே படிக்க முடிந்தது. அது பெரிய நன்மை. கூடவே அந்த ஓராண்டு இடைவெளியும் மறைந்தது. அதன் சுமை முழுதும் பட்டப்படிப்பின் முதல் சில வாரங்களின் தலையில் விழுந்தது. ஈடாக எதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறதே, இனி இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவில் படித்து வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். புத்தகம் ஆங்கிலம்; வகுப்பில் காதால் கேட்டது தமிழ். எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரியும் சொல், வேகமாகப் பேசினால் தெரிவதில்லை. இரண்டு மொழிச் சொல்லும் அரைகுறையாக இருப்பதால் இவர்களில் சிலருடைய நிலைமை தமிழ்வழிப் பிள்ளையைவிடச் சங்கடமானது.

ராகிங் பற்றி ஒரு சொல். முதல் நாள் என்றாலே பழைய சினிமாக்களில் அதுதான். 1996இல் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாடு 1997இல் இயற்றிய ராகிங் தடுப்புச் சட்டம் இரண்டு ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம் என்றது. இலங்கையில் பகிடிவதை என்பார்கள். அங்கே 1998இல் சட்டம் வந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் செய்திகள் ஓயவில்லை. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் அந்தக் கொடுமை இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. முதல் நாள் சீனியர்களுக்கு விடுமுறை விடும் கல்லூரிகள்கூட உண்டு. இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம்: வெளியே தெரியும் அவமானத்தைத் தடுக்கச் சட்டம், குழு, பறக்கும் படை, இலவசத் தொலைபேசி எண் எல்லாம் நம்மால் ஏற்படுத்த முடிகிறது. செல்ஃப் இண்ட்ரொடக்ஷனில் பாதியில் உட்கார்ந்தவனின் அவமானத்துக்கு எண் இல்லை.

இலங்கையைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் விரிவுரை தமிழில் நடந்துவந்திருக்கிறது. தமிழில் உயர்தரம் படித்து மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போகிறவர்கள் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். ஆங்கிலத்துக்கு மாறுவதே தவறு என்று அங்கேயும் யாரும் வாதிடுவதில்லை, நானும் வாதிடவில்லை. மாற்றத்துக்கென்று நாள் ஒதுக்கி, ஆள் வைத்து, பாடமாக நடத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

நாள் ஒதுக்கியிருக்கிறோம் என்று பதில் வரும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியியல் மாணவருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி என்கிறது. மானியக் குழு 2019இல் 'தீட்சாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிக்கும் வழிகாட்டுதல் தந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில், பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுவதை எளிதாக்க முதல் பருவத்திலேயே அடித்தளப் பாடம் இருக்கிறது. நல்ல யோசனைகள்தான். நடைமுறையில் அறிமுகப் பயிற்சி என்பது முதல்வர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, தன்னம்பிக்கைப் பேச்சாளர் உரை, பொன்னாடை, குழுப்படம் என்று சுருங்கிவிடுகிறது. அடித்தளப் பாடத்துக்கும் மதிப்பெண் உண்டு, பரீட்சை உண்டு. அதற்கும் வாசலில் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் விற்கிறது. பாலம் கட்டச் சொன்னால் பாலத்துக்கும் சுங்கச்சாவடி வைத்துவிட்டோம்.

முதல் சில வாரங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்று 1975 முதல் எழுதிவந்த அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ, பாடத்தோடும் மனிதர்களோடும் ஒட்டுதல் ஏற்படுகிறதா என்பதையே மையமாக வைத்தார். அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. நம் ஊரில் யாரும் கல்லூரியை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பதில்லை. ஆகஸ்டில் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் இருப்பார்கள். தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடையில் முழுநேர வேலை. நவம்பரில் முதல் பருவத் தேர்வு, ஆங்கிலத்திலும் மெயின் பாடத்திலும் அரியர். பெயர் பதிவேட்டில் இருக்கும், 1,000 ரூபாயும் சில காலம் வரும், ஆள் இருக்கமாட்டார். சேர்க்கை விகிதம் 47 என்ற எண்ணுக்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் ஆங்கில அறிமுகத்தை விட்டுவிடுங்கள்; பெயரையும் ஊரையும் அவரவர் மொழியில் சொல்லட்டும், அப்பாவின் தொழிலும் மதிப்பெண்ணும் யாருக்கும் வேண்டாம். உதவித்தொகைக்குத் தனியே கூப்பிடுங்கள். முதல் இரண்டு வாரம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போங்கள். உங்கள் பாடத்தின் முதல் பருவத்தில் வரும் கலைச்சொற்கள் நூறு நூற்றைம்பதுக்கு மேல் இருக்காது. அவற்றின் தமிழ்ப் பெயர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களிலேயே தயாராக இருக்கின்றன. இரண்டு பக்கத்தில் அடங்கும். அடுத்த ஜூலையில் முதல் வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாளைக் கொடுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆசிரியர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பும், அலுவலகத்து நகல் இயந்திரமும் போதும்.